நல்ல கைபேசியாக இருந்தும் விண்டோஸ் போன் ஏன் நிலைக்கவில்லை?

மைக்ரோசாஃப்டின் கைபேசி இயங்குதளமான விண்டோஸ் போனை இரண்டு ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்தியவன் நான். மைக்ரோசாஃப்ட் செய்த தவறுகளைவிட, மற்ற நிறுவனங்கள் எழுதாமல் விட்ட செயலிகளே அதை வீழ்த்தின என்பது என் கருத்து.

என்னிடம் இருந்தது 2013இல் அந்தத் தளத்தில் வந்த நோக்கியா லூமியா 520. வெறும் 512 எம்பி ராமில் அது அவ்வளவு சீராக ஓடியது. செயலிக் கடையிலும் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. 2014க்குள் லட்சங்களைத் தாண்டிவிட்டது. ஆனால் தேடுவது அங்கே இருக்காது. ஒருமுறை என் வங்கியின் பெயரைத் தட்டியபோது நாலைந்து செயலிகள் வந்தன. எல்லாமே முன்பின் தெரியாதவர்கள் எழுதியவை. வங்கியின் இணையதளத்தையே உள்ளே திறந்து காட்டுபவை. அவற்றில் எப்படிக் கடவுச்சொல்லைத் தட்டுவது? ஆண்ட்ராய்டுக்கு மாற வேண்டும் என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

அதே 2013இல் 41 மெகாபிக்சல் கேமராவுடன் லூமியா 1020 வந்தது. அதில் எடுத்த படத்தைப் போட இன்ஸ்டாகிராம் செயலி அந்த நவம்பர் வரை வரவில்லை. வந்ததும் பீட்டாவாக, அதாவது முழுமையடையாத சோதனைப் பதிப்பாகத்தான் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது, ரூடி ஹுயின் என்ற நிரலாளர் தானாக எழுதிய சிக்ஸ்டேக் என்ற இன்ஸ்டாகிராம் செயலி.

யூடியூப் விவகாரம்தான் இதில் மிக முக்கியமானது. கூகுள் முறையான செயலி எதையும் தராததால் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றை எழுதி 2013 மே மாதம் வெளியிட்டது. அது விளம்பரங்களைக் காட்டவில்லை, காணொளிகளைப் பதிவிறக்கவும் விட்டது என்பதால் கூகுள் நீக்கச் சொன்னது. அந்தப் புகார் நியாயமானதே. ஆனால் திருத்தி ஆகஸ்டில் வெளியிட்டதையும் கூகுள் முடக்கியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிகளுக்கே இல்லாத விதமாக, இதை மட்டும் இணையப் பக்கங்களுக்கான மொழியான ஹெச்டிஎம்எல்5இல் எழுதச் சொன்னார்கள் என்று மைக்ரோசாஃப்ட் குற்றஞ்சாட்டியது. ஒரு தளத்துக்கு உயிர்நாடியான செயலி போட்டித் தளத்தின் உரிமையாளரிடமே இருக்கும்போது, எவ்வளவு நல்ல கைபேசியைச் செய்தாலும் கதவின் சாவி எதிராளி கையில்தான் இருக்கிறது.

மற்ற நிறுவனங்களின் கணக்கு எளியது. பயனர் குறைவான தளத்துக்குத் தனியாக ஆள் வைத்து எழுதுவது கட்டுப்படியாகாது. செயலி இல்லாததால் பயனரும் கூடுவதில்லை. பணம் கொடுத்தும், தாங்களே எழுதிக் கொடுத்தும் பார்த்தோம், ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் முதலீடு செய்யும் அளவுக்குப் பயனர்கள் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் ஜோ பெல்ஃபியோர் 2017 அக்டோபரில் வெளிப்படையாகவே எழுதினார்.

2019 டிசம்பர் 31உடன் வாட்ஸ்அப்பும் அந்தத் தளத்தைக் கைவிட்டது. என் லூமியாவை இப்போது சார்ஜ் போட்டாலும் உயிர் பெறுகிறது. அழைப்பு போகிறது, அலாரம் அடிக்கிறது.