எழுத்தை போல்ட் ஆக்க இத்தனை விதமான குறிகளா? இதில் எதைத்தான் பழகுவது?

கேட்டவரின் குழப்பம் இதுதான்: ஓரிடத்தில் உடுக்குறி (*) போட்டால் எழுத்து தடிக்கிறது, இன்னோரிடத்தில் அதே உடுக்குறி அசையாமல் நிற்கிறது, வேறோரிடத்தில் கோண அடைப்புக்குள் ஏதோ எழுதச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம், நாலைந்து போதும். ஆனால் எந்தக் குறி எங்கே செல்லும் என்று பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் கைக்காசு போனவன் நான்.

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், டைப் செய்தும் கொடுப்பேன். வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ்கள் வரிசையாக வரும். ஒருமுறை ஒரு கோயில் வண்ணக்கர் (கோயிலை நிர்வகிப்பவர்) ஐயாவின் மகன் விபரத்தை எல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பினார், முக்கியமான சொற்கள் அழகாகத் தடித்த எழுத்தில். நான் அதை அப்படியே கொப்பி எடுத்து ஒட்டி, அவசரத்தில் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, 500 அடித்துவிட்டேன். அடித்து முடிந்த பிறகுதான் தெரிந்தது: *திருக்கதவு திறத்தல்*, *திருக்குளிர்த்தி*, *அன்னதானம்* என்று தாள் முழுக்க உடுக்கள். வட்ஸ்அப் தன் திரையில் உடுக்குறியை மறைத்துத் தடிப்பாகக் காட்டும், கொப்பி எடுத்தால் குறியையும் சேர்த்தே கையில் தரும். ஐயா நோட்டீஸைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மனே, அன்னதானத்துக்கு நிபந்தனை ஏதும் இருக்கா? அடியில விளக்கத்தைக் காணல்லயே" என்றார். வங்கி விளம்பரங்களில் ஓர் உடுவைப் போட்டு அடியில் பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருக்குமே, அந்த உடு. 500ஐயும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அந்த உடுக்குறி ஒரு கட்டளை. தெரிந்த செயலி அதை விழுங்கிவிட்டு வேலையைச் செய்யும், தெரியாத செயலி அப்படியே துப்பிவிடும், விஷயம் அவ்வளவுதான். கணினிக்கு முந்திய பழக்கம் இது. அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியில் சொல்லின் கீழ் நேர்கோடு போட்டால் சாய்வெழுத்து, நெளிகோடு போட்டால் தடித்த எழுத்து. அச்சுக் கோர்ப்பவர் கோட்டைப் பார்த்து எழுத்தை மாற்றுவார், கோட்டை அச்சடிக்க மாட்டார். இப்படிக் குறி போடுவதைச் சொல்லும் மார்க்கப் என்ற சொல்லே அந்த வேலையிலிருந்து வந்ததுதான். 1969இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் இதைக் கணினிக்குக் கொண்டுவந்து, பிறகு ஜிஎம்எல் என்று பெயர் வைத்தார்கள் (மூன்று எழுத்தும் அவர்கள் மூவரின் பெயர்களின் முதலெழுத்து, கெட்டிக்காரர்கள்). அந்த வழியில் 1986இல் எஸ்ஜிஎம்எல் சர்வதேசத் தரமானது, அதைப் பார்த்து 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லை உருவாக்கினார். கோண அடைப்பு நமக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். அதைக் கையால் எழுதுவது பெரும் கரைச்சல் என்று 2004இல் ஜான் க்ரூபர், சாதாரண எழுத்துக்குள் உடு போன்ற சின்னக் குறிகளை மட்டும் போடும் மார்க்டவுன் முறையை வெளியிட்டார். மின்னஞ்சலில் ஆட்கள் ஏற்கெனவே உடுக்குறி போட்டு அழுத்திக் காட்டிய பழக்கத்தையே அவர் ஒழுங்குபடுத்தினார். வட்ஸ்அப்புக்கு இது 2016இல் வந்தது, அதுவும் தன் இஷ்டத்துக்கு: மார்க்டவுனில் ஓர் உடு சாய்க்கும், இரண்டு உடு தடிப்பாக்கும், வட்ஸ்அப்பிலோ ஓர் உடுவே தடிப்பாக்கிவிடும். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

மீதிப் பாதி தமிழால் வருவது. இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நாம் சொல்லோடு உருபை ஒட்டி எழுதுகிறவர்கள். மார்க்டவுனில் **திருக்குளிர்த்தி**க்கு என்று எழுதினால் சரியாக வரும், சொல் தடித்து 'க்கு' மெலிந்து நிற்கும். அதையே மேற்கோளோடு **"திருக்குளிர்த்தி"**க்கு என்று எழுதிப் பாருங்கள், இன்று பரவலாக உள்ள மார்க்டவுன் விதிப்படி உடுக்கள் அப்படியே வெளியே தெரியும். மூடும் உடுவுக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் வந்தால் அது மூடியதாகக் கணக்கில் வராது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி வருவதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மேற்கோளை உடுக்களுக்கு வெளியே எடுத்து "**திருக்குளிர்த்தி**"க்கு என்று எழுதினால் தீர்ந்தது. சாய்க்க அடிக்கோட்டைப் போடுகிறவர்களும் கவனிக்கவேண்டும், _சடங்கு_க்கு என்பது சாயாது. உடுவே நல்லது.

அப்புறம் வரி உடைவது. எங்கள் பக்கத்து நாலு வரிக் கவி ஒன்றை மார்க்டவுனில் போட்டால் நாலும் ஒரே வரியாக ஓடிவிடும், ஒருமுறை என்டர் தட்டுவதை அது வெறும் இடைவெளியாகத்தான் எடுக்கும். வரி முடிவில் இரண்டு இடைவெளி விட்டு என்டர் தட்ட வேண்டும். இன்னொன்று, வரலாற்று ஒப்படை செய்ய வந்த ஒரு பிள்ளை '1978. சூறாவளி', அடுத்த வரியில் '2004. சுனாமி' என்று எழுதியிருந்தது. எண்ணும் புள்ளியும் வரித் தொடக்கத்தில் வந்தால் மார்க்டவுனுக்கு அது இலக்கமிட்ட பட்டியல். முதல் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தானே எண்ணிவிட்டது, சுனாமி 1979இல் வந்ததாகத் திரையில்! புள்ளியை எடுத்துவிட்டு ஒரு கோடு போட்டுக்கொடுத்தேன்.

பேஸ்புக்கில் தமிழை போல்ட் ஆக்கித் தரச் சொல்லி இளந்தாரிகள் வருவார்கள், ஆங்கிலத்தில் ஆக்குகிறார்களே என்பார்கள். அது போல்ட்டே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறிமுறையான யூனிகோடில் கணிதத்துக்கென்று தனியாகத் தடித்த ஆங்கில, கிரேக்க எழுத்துகள் இருக்கின்றன, அவற்றை எடுத்து ஒட்டுகிறார்கள். தமிழுக்கு அப்படி ஒரு தொகுதி கிடையாது. யூனிகோடுக்கு உட்படாத பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்து பழகியவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு கதை: அந்த எழுத்துரு இல்லாத போனில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். குறி போடுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சாய்வெழுத்தை நான் அறவே விட்டுவிட்டேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனியாக வரைந்த வடிவம் இல்லை, நிமிர்ந்த எழுத்தையே மென்பொருள் பிடித்துச் சரிக்கிறது, வாசிக்கக் கண் வலிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சாய்த்து அழுத்துகிற இடத்தில் எங்களுக்கு 'ஏ'யும் 'தான்'உம் இருக்கின்றன. 'அவரேதான் வந்தார்' என்று எழுதிய பிறகு அதற்கு மேல் எதைச் சாய்ப்பது?

ஆகவே பழக வேண்டியவை தடிப்பு, தலைப்பு, பட்டியல், இணைப்பு, மேற்கோள். இதில் தலைப்பை மட்டும் ஏமாற்றாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால் கண்ணுக்குத் தலைப்புப் போலத் தெரியும், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிற பார்வையற்றவருக்கு அது வெறும் வரி. தலைப்புக்குரிய குறியைப் போட்டால்தான் அவர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும்.

வண்ணக்கர் ஐயா இப்போது வட்ஸ்அப்பை நம்புவதில்லை. இந்த வருஷ நோட்டீஸைத் தாளில் எழுதி அவரே கொண்டுவந்து தந்தார், தடிப்பாக வரவேண்டிய இடங்களுக்குக் கீழே அச்சொட்டாகப் பழைய அச்சக முறையில் நெளிகோடு. எல்லா வரிக்கும் கீழே போட்டிருந்தார்.