கலீபா உமர் காலத்தில் கைக்குழந்தைக்கும் அரசுப் பணம் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

ஆமாம், கொடுத்ததாகத்தான் பழைய அரபு வரலாறுகள் சொல்கின்றன. உமர், முகமது நபிக்குப் பின் முஸ்லிம் அரசின் தலைவராக (கலீபா) வந்த இரண்டாமவர்; 634 முதல் 644 வரை ஆண்டவர். இராக்கும் எகிப்தும் கைக்கு வந்ததும் வரிப்பணம் தலைநகர் மதீனாவில் குவிந்தது. அதைப் பங்கிட 'திவான்' என்ற பதிவேட்டைத் தொடங்கினார். அதில் பெயர் இருந்தால் ஆண்டுதோறும் உதவித்தொகை. குழந்தைகளில், முதலில் பால்குடி மறந்த குழந்தைக்கு மட்டும்தான். ஒருநாள் இரவு உமர் ரோந்து போனபோது ஒரு குழந்தை விடாமல் அழுததாம். விசாரித்தால், தொகை சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தாய் முன்கூட்டியே பாலை நிறுத்தியிருக்கிறாள். மறுநாளே, பிறந்ததும் பெயரைப் பதியலாம் என்று விதியை மாற்றினார். தொகை 100 திர்ஹம் (வெள்ளிக்காசு) என்கிறார்கள்.

இதை வைத்து எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முன்பிருந்த அபூபக்கர்தான் சமமாகப் பங்கிட்டவர். உமர் தரம் பிரித்தார்: நபியோடு பத்ருப் போரில் நின்றவர்களுக்கு 5,000 திர்ஹம், நபியின் மனைவி ஆயிஷாவுக்கு 12,000. அப்புறம், பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். இராக்கின் விளைநிலங்களைப் படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், பழைய குடியானவர்களிடமே விட்டு 'கராஜ்' என்ற நிலவரி வாங்கினார். மதீனாவின் தொட்டில் குழந்தைக்குப் போன காசில் ஒரு பங்கு அந்த உழவர்கள் கட்டியதுதான்.