ககெரு: மனப்பாடம் வேணாம், இப்படிப் பாருங்க

ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 நிலைக்குப் படிக்கிறப்போ, ‘ககெரு’ங்குற ஜப்பானிய வினைச்சொல்லுக்கு டிக்‌ஷனரில இருக்குற அத்தனை அர்த்தத்தையும் எப்படி மனப்பாடம் பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. பண்ணாதீங்க ப்ளீஸ், முன்னாடி வர்ற சொல்லோட ஜோடியா படிங்க. மெகனெ ஓ ககெருன்னா கண்ணாடி போடுறது, ககி ஓ ககெரு பூட்டு போடுறது, தென்வா ஓ ககெரு போன் போடுறது, பாருங்க நம்ம ‘போடு’ எவ்ளோ அழகா உக்காருது! ஆனா அதை நம்பி சட்டை, தொப்பி, ஷூவுக்குப் போயிடாதீங்க, அதுக்கு கிரு, கபுரு, ஹகுன்னு தனித்தனி வினை. ஷோயு ஓ ககெருன்னா சோயா சாஸை மேல ஊத்துறது. ஜப்பான்ல ரோடு வேலை நடக்குற இடத்து போர்டுல ‘கொமெய்வகு ஓ ஒககெ ஷிமஸு’ன்னு இருக்கும், தொந்தரவு தர்றோம்னு மன்னிப்பு கேக்குறது, அதுவும் இதே ககெருதான். தானா நடந்தா ககரு, ‘ஜிகன் கா ககரு’ன்னா நேரம் ஆகும், பரீட்சைல இந்த ரெண்டையும்தான் குழப்புவாங்க.