பேச ஆளில்லை. ஆன்லைனில் பேசினால் தனிமை தீருமா?

வேலைக்காகப் புது ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, பேச ஆளில்லை, ஆன்லைனில் எங்கே போய்ப் பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2021 மே, இரண்டாம் அலை ஊரடங்கு. வேளச்சேரியில் என்னோடு அறையில் இருந்த இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா போனில், "என்னப்பா, தொண்டை கட்டியிருக்கு?" என்று கேட்டார். ஜலதோஷம் எதுவும் இல்லை. காலையிலிருந்து நான் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

அதுவரை ஐபோனில் மட்டும் இருந்த கிளப்ஹவுஸ் என்ற பேச்சுச் செயலி அந்த மாதம்தான் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எழுதுவது கிடையாது, வெறும் குரல். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தமிழ் அறைகள் நிரம்பிவிடும். ஒன்றில் பழைய பாட்டு, ஒன்றில் பேய்க்கதை, ஒன்றில் அரசியல் சண்டை. யாராவது நன்றாகப் பாடினால் மற்றவர்கள் மைக்கை மாற்றி மாற்றித் தட்டி அணைத்துப் போடுவார்கள். கைதட்டல் அதுதான். இரண்டு வாரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் தனிமை கூடத்தான் செய்தது. தெரிந்த முகமே இல்லாத கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

அப்புறம் ஒரு நாள் திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் பேசினார். பார்வை கிடையாது, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். போனில் உள்ள டாக்பேக் எழுத்தை வாசித்துக் காட்டும். ஆனால் நோட்ஸைப் போட்டோ பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அதற்கு அது வெறும் படம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால், சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். "யாராவது தினம் அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக மைக்கைத் திறந்தேன்.

தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். சிந்துவெளியில் ஆரம்பித்தோம். பிரெய்ல் பலகையில் அவர் குறிப்பு குத்தும் டக் டக் சத்தம் எனக்குக் கேட்கும், அது நின்ற பிறகுதான் அடுத்த வரி. குரலை வைத்தே, "அண்ணே, இன்னும் சாப்பிடலதானே?" என்று கண்டுபிடித்துவிடுவார். ஒன்பது மணி தாண்டினால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். என் தனிமை குறைந்தது அங்கேதான்.

அதனால் பேச்சுத்துணையை மட்டும் தேடாதீர்கள், உங்களை எதிர்பார்க்கிற ஒரு வேலையையும் தேடுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிக்கவும், பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதவும் ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. பக்கத்துக் கல்லூரியில் விசாரியுங்கள். சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவு இருக்கிறது. தினம் ஒரே நேரத்துக்குப் போனால் சாப்பாட்டு வேளையில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். எழுதப் பிடிக்கும் என்றால் தமிழ் விக்கிப்பீடியா. 2003இலிருந்து நடக்கிறது, புதிதாக வருகிறவரை வரவேற்று பேச்சுப் பக்கத்தில் குறிப்பு எழுதுவார்கள்.

ஒன்று, பழகிய இரண்டாம் நாளே பணமோ போட்டோவோ கேட்கிறவரை விட்டு உடனே விலகிவிடுங்கள். இன்னொன்று, ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தனிமை உங்கள் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். உலகில் ஆறில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது.

இப்போது ஒரு கல்லூரி மாணவிக்குப் பொருளாதாரம் வாசிக்கிறேன், ஒன்பது மணிக்குப் போன் வரும். நீங்கள் எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். அங்கே வாசிக்க ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று அந்தத் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.