கார் கூரைத் துணி தொங்குகிறது. பசை தடவி ஒட்டினால் போதுமா?

போதாது. துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் இருக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து அது பொடிப்பொடியாகிவிடும். விரலால் தேய்த்தால் மஞ்சள் தூள் கொட்டும். அந்தத் தூள்மேல் எந்தப் பசையும் நிற்காது. குண்டூசி குத்துவதெல்லாம் நாலு நாள் சமாளிப்பு.

லைட், சன் வைசர், கைப்பிடிகளைக் கழற்றி, துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டையை வளைக்காமல் டிக்கி வழியாக வெளியே எடுங்கள். செடான் என்றால் பெரும்பாலும் முன்கதவு வழிதான், கொஞ்சம் மல்லுக்கட்டணும். துணியை உரித்து, மிச்ச ஃபோமை மென்மையான பிரஷால் சுரண்டுங்கள். சோம்பல்பட்டு இதை அரைகுறையாக விட்டால் புதுத் துணியிலும் மேடுபள்ளம் தெரியும். ஃபோம் ஒட்டிய புதுத் துணிதான் வாங்கவேண்டும். சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையை அட்டையிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் அடித்து, லேசாகக் காயவிட்டு, பாதிப் பாதியாக நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். ஏர்பேக் இருக்கும் ஓரங்களில் மட்டும் கைவைக்காதீர்கள்; அது மெக்கானிக் வேலை.