ராஜாவுக்கு எந்த பூத்? கொற்றலை நாட்டுத் தேர்தல் சந்தேகங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்துப் பசங்க இந்த லீவுக்கு ஒரு விளையாட்டுத் தேர்தல் நடத்துகிறார்கள். நாட்டின் பெயர் கொற்றலை நாடு, எண்ணூர்ப் பக்கம் கடலில் சேர்கிற ஆற்றின் பெயர். ராஜா உண்டு, 25 இடங்கள் உள்ள நாடாளுமன்றமும் உண்டு, கட்சிகள் மூன்று. வாத்தியாராக இருந்து பல தேர்தல்களில் பூத் வேலை பார்த்தவன் என்பதால் சந்தேகங்களை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புளியந்தோப்பு தம்பி: ராஜாதான் இருக்காரே சார், அப்புறம் தேர்தல் எதுக்கு?

நீ கேரம் ஆடுறவன், உனக்குச் சுலபமாகப் புரியும். ரெட்டு போட்டால் மட்டும் போதுமா? பின்னாலேயே ஃபாலோ விழணும். விழலைன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துடும். பிரதமரை நியமிக்கிறது ராஜாதான். ஆனால் அந்த ஆளுக்கு சபையில் பாதிக்கு மேல் ஆதரவு இல்லையென்றால் நியமனம் நிற்காது. பிரிட்டனில் 650 இடங்கள், சட்டமெல்லாம் அரசர் பெயரில்தான் வரும், முடிவெடுக்கிறது மட்டும் ஓட்டு வாங்கி வந்தவர்கள்.

காசிமேடு தம்பி: 13 சீட்டு யாருக்குமே வரலைன்னா இன்னா பண்றது?

உருப்படியான கேள்வி. அமைதியான நாட்களில் ராஜா பொம்மை மாதிரி தெரிவார். இழுபறி வந்தால்தான் அவர் வேலை ஆரம்பம். 2022 நவம்பரில் மலேசியாவில் இப்படித்தான் ஆனது. 222 இடம், 112 வேண்டும். பெரிய கூட்டணிக்கே 82தான், அடுத்ததற்கு 73. மாமன்னர் தலைவர்களை அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பேசினார், மற்ற சுல்தான்களிடமும் கலந்தார். தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள் அன்வார் இப்ராகிம் பிரதமர். அங்கே மாமன்னர் பதவியே ஒன்பது அரச குடும்பங்களுக்குள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருவது, நம்ம தெருவில் சீட்டு எடுக்கிற மாதிரி!

ராஜா இல்லாத ஊரிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1952இல் சென்னை மாகாண சட்டசபையில் 375 இடம், காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ஆளுநர் ஸ்ரீபிரகாசா தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, முதலமைச்சராகவும் கூப்பிட்டார். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். என்னைக் கேட்டால், யாரை முதலில் கூப்பிடணும் என்று எழுதி வைக்காததுதான் கோளாறு. அதனால் நீங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே எழுதுங்கள்: அதிக இடம் வாங்கிய கட்சிக்கு முதல் அழைப்பு, ஒரு மணி நேரத்தில் 13 பேரை நிற்க வைத்துக் காட்டணும், முடியலைன்னா அடுத்த கட்சி. எண்ணி முடித்த பிறகு விதி எழுதினால் நாற்காலி பறக்கும்.

திருவொற்றியூர் பாப்பா: ராஜா ஓட்டுப் போடலாமா சார்?

கூடாதும்மா. பிரிட்டிஷ் அரசரைத் தடுக்கச் சட்டம் இல்லை, ஆனாலும் போடுவதில்லை. ஜப்பான் பேரரசருக்கு ஓட்டுரிமையே கிடையாது.

கொருக்குப்பேட்டை தம்பி: இல்லாத நாடு, இல்லாத கட்சி, இதெல்லாம் சின்னப்புள்ளத்தனம்னு அப்பா திட்டுறாரு.

அப்பாவிடம் பூட்டானைப் பற்றிச் சொல்லு. அங்கே ராஜாவே முன்நின்று தேர்தலைக் கொண்டுவந்தார். ஜனங்களுக்குப் பழக்கம் இல்லை என்று 2007இல் நாடு முழுக்க ஒத்திகைத் தேர்தல் நடத்தினார்கள். நாலு கட்சி, நாலுமே கற்பனை, பெயர் மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. வேட்பாளர்கள் பள்ளி மாணவர்கள். முதல் சுற்றில் முந்திய மஞ்சளும் சிவப்பும் இரண்டாம் சுற்றில் மோதின. மஞ்சள் 47 தொகுதியில் 46ஐ அள்ளியது. கட்சி நல்லது என்பதாலா? மஞ்சள் ராஜாவுக்குரிய நிறம்! அடுத்த வருஷம் நிஜத் தேர்தலிலும் ஒரே கட்சிக்கு 45 இடம் போனது.

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ராஜாவின் கிரீடத்துக்கு ஜிகினாத் தாள் எந்த நிறமோ, அந்த நிறத்தை எந்தக் கட்சிக்கும் கொடுக்காதீர்கள்.

ராயபுரம் அக்கா: விரல் மைக்கு எங்க போறது? பாட்டி சேராங்கொட்டைன்னு சொல்றாங்க.

ஐயோ வேண்டாம்மா! துணிக்கு அடையாளக் குறி போட சலவைக்காரர்கள் வைத்திருந்தது அது. துணியில் போகவே போகாது, அந்த விதத்தில் பாட்டி சொல்வது சரிதான். ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். பேனா மை போதும், இடது கை ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேருகிற இடத்தில் ஒரு கோடு. நகத்தில் மட்டும் வைத்தால் குழாயடியில் தேய்த்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பான். நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்.கே.நகர் தம்பி: மிட்டாய் குடுத்து ஓட்டு கேக்கலாமா?

உங்க ஏரியாவிலிருந்தே இந்தக் கேள்வியா! 2017 ஏப்ரலில் உங்கள் தொகுதி இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடா புகாரில் ரத்து செய்தார்கள், டிசம்பரில்தான் நடந்தது. மிட்டாய் பிடிபட்டால் அந்த இடத்துக்கு மட்டும் மறுதேர்தல். மிட்டாய் பறிமுதல், நடுவருக்கே.

எர்ணாவூர் தம்பி: நான்தான் சார் ராஜா. சபையில நான் இன்னா பேசட்டும்?

சொந்தமாக ஒன்றும் பேசாதே. பிரிட்டனில் அரசர் வாசிக்கிற உரையை எழுதித் தருவது அமைச்சரவை. ஜெயித்தவர்கள் தருகிற தாளை வாங்கி, சிரிக்காமல் வாசி. உன் கிரீடம் பழைய காலண்டர் அட்டையில் தயாராகிறது, தலை அளவுதான் தெரியவில்லை. சாயங்காலம் வந்து கொடுத்துவிட்டுப் போ.