வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவதுபோல, ஏரியின் அமைப்பை வைத்து எந்தப் பருவத்தில் மீன் எங்கே இருக்கும் என்று நம்மூரிலும் சொல்ல முடியுமா?

சொல்ல முடியும். ஆனால் அந்தக் காணொளி ஏரி வேறு, சேலத்தில் இருக்கும் எங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரி வேறு. அங்கே குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி உறைந்திருக்கும். தண்ணீர் 4 டிகிரியில்தான் கனமாக இருக்கும் என்பதால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். கோடையில் சூடான தண்ணீர் மேலே, குளிர்ந்தது கீழே. இரண்டுக்கும் நடுவில் வருடத்துக்கு இரண்டு முறை மொத்த ஏரியும் புரண்டு கலக்கும். மீனும் அதற்கேற்ப இடம் மாறும். நம் ஏரிகளில் ஓர் ஆள், இரண்டு ஆள் உயரத்துக்குத்தான் தண்ணீர். நல்ல ஆடிக்காற்று ஒன்று அடித்தாலே அடிவரை கலங்கிவிடும். அதனால் இங்கே மீனுக்குப் பருவம் என்பது தண்ணீர் வருவதும் போவதும்தான். வெயிலும் குளிரும் அதற்கு அப்புறம்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசி. முந்தின இரவு மலையில் நல்ல மழை. ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்று காணொளியில் சொன்னதை நம்பி, புது ரீல் தூண்டிலோடு மதகுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மதியம் வரை தக்கை அசையவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, புதுத்தண்ணி வர்றப்ப மீனெல்லாம் அங்க ஏறிக்கிட்டு கெடக்குது, நீ இங்க வந்து குந்திக்கிட்டு இருக்கிறயே" என்றார். சேர்வராயன் மலைத் தண்ணீர் உள்ளே இறங்கும் பக்கம் போய்ப் பார்த்தால், நாலு பையன்கள் பழைய கொசுவலையை விரித்துக் கெண்டையை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ரீலின் விலையை அவர்களிடம் சொல்லவில்லை.

சரி, ஏரியை எப்படிப் படிப்பது? நம் ஏரிகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். சரிவில் வரும் தண்ணீரைக் குறுக்கே கரை போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதனால் கரையை ஒட்டித்தான் ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால் அளவு, கணுக்கால் அளவு, அப்புறம் புல். நடுவே மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்: ஏரி ஆவதற்கு முன் அங்கே ஓடிய ஓடையின் தடம், கரை போட மண் வெட்டிய பள்ளங்கள், மூழ்கி நிற்கும் கருவேல மரங்கள். மூக்கனேரியில் கூடுதலாக ஒன்று உண்டு. 2010 வாக்கில் தூர் வாரியபோது எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். பறவைகளுக்காக என்று நினைப்போம். மீனுக்கும் அது லாபம்தான்: ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் ஒரு சரிவு, ஒரு நிழல், ஒரு பள்ளத்து ஓரம்.

ஆனால் தண்ணீர் நிறைந்திருக்கும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றும்போது போய் உள்ளே நடந்து பாருங்கள். பனமரத்துப்பட்டி ஏரி பல வருடம் காய்ந்து சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தபோது அப்படி நடந்திருக்கிறேன். கரைமேல் நின்றால் தட்டையாகத் தெரிகிற இடத்துக்குள் எத்தனை மேடு பள்ளம்! செல்போனில் படம் எடுத்து, கரையில் இருக்கும் ஒரு மரத்தை அடையாளம் வைத்து, அங்கிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி.

புதுத்தண்ணீர் வரும்போது மீன் எதிர்நீச்சல் போட்டு வாய்க்கால் வாயில் கூடும். கெண்டை, கெளுத்தி எல்லாம் புதிதாக மூழ்கிய புல்வெளியில் முட்டையிடத்தான் இந்த ஓட்டம். ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிஞ்சின தண்ணீர் வெளியே வழிந்தால், கீழே இருக்கும் மீன் அது வழியும் கலங்கை நோக்கி ஏறும். கட்லா, ரோகு, மிருகால் தேங்கிய தண்ணீரில் இனப்பெருக்கம் செய்யாது, குஞ்சு வாங்கி விட்டவைதான். ஆனாலும் வரத்துத் தண்ணீரின் வாசம் அவற்றையும் இழுக்கும். மார்கழி, தை விடியலில் மீன் மந்தமாகக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட மேட்டுப் பக்கம் வரும். கோடையில் இதற்கு நேர்மாறு. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, விடியலில் இன்னும் குறைவு. அந்த நேரத்தில் மேலே வந்து வாய் பிளக்கும் மீனுக்கு இரை போட்டுப் பயனில்லை. பகலில் ஓடைத் தடத்திலும் மதகுப் பள்ளத்திலும் தேடுங்கள். நான் அன்று உட்கார்ந்த இடம் தப்பில்லை, மாதம்தான் தப்பு.

மேட்டூர் தனிக்கதை. 120 அடி கொள்ளும் அணை, சில வருடங்களில் 40 அடிக்குக் கீழேயும் போயிருக்கிறது. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடி பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். காய்ந்த தரையில் சனங்கள் வெள்ளாமை வைப்பார்கள். ஆடியில் கர்நாடகத் தண்ணீர் வந்து அந்தப் பயிர்த்தாள்களை மூழ்கடிக்கும்போது, மீன் புதுத் தண்ணீரின் விளிம்போடு சேர்ந்தே மேட்டுக்கு மேய வரும். பரிசல்காரர்கள் வலையைக் கரைப்பக்கமாக நகர்த்துவதைப் பார்த்தாலே எங்கே என்று தெரிந்துவிடும்.



ஒரு வேண்டுகோள். கோரைப்புல் ஓரம் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் மேலே வந்து போனால், அடியில் விரால் ஜோடி காவல் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது தூண்டில் போட்டால் சுலபமாகக் கடிக்கும், ஆனால் தாயைத் தூக்கிவிட்டால் குஞ்சு முழுவதையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். அப்புறம், முதலில் ஏரியின் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.